ஔவையார் என்ற பெயருக்குள் மறைந்தவர்கள்

இலக்கிய வரலாற்று நூல் ஒன்றுக்குப் பெயரடைவு தயாரித்துத் தரும் வேலை சில காலம் முன்பு என்னிடம் வந்தது. பெயரடைவு என்பது நூலின் கடைசிப் பக்கங்களில் அகரவரிசையில் அமைந்து, பெரும்பாலானோர் கண்ணில் படாமலே போகும் பகுதி. ஆனால் ஒரு நூல் யாரையெல்லாம் மனிதராக மதித்திருக்கிறது என்பதை அந்தப் பக்கங்களைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறொன்று இல்லை என்பது என் எண்ணம். ஔவையார் என்ற பெயருக்கு வந்தபோது வேலை நின்றுவிட்டது. நூலின் தொடக்க இயல்களில் சங்க காலக் குறுநில மன்னன் அதியமானோடு வருகிறார்; நடு இயல்களில் கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் வருகிறார்; யோக நூல்களைப் பேசும் இயலில் விநாயகர் அகவலோடு வருகிறார். இவர்களைத் தனித்தனிப் பதிவுகளாகப் பிரித்து அனுப்பினேன். பதிப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்து, "சார், ஔவையார்னா ஔவையார்தானே? பிரிச்சுப் போட்டா வாசகர் குழம்பிடுவார். ஒரே பதிவா விட்டுடுங்க" என்றார். அவர் அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் அதே அடைவில் முதலாம் இராசராசன், இரண்டாம் இராசராசன், மூன்றாம் இராசராசன் என்று மூன்று பதிவுகள் எந்தக் கேள்வியும் இல்லாமல் இடம்பெற்றிருந்தன. அரசர்கள் மூவர் என்றால் வாசகர் குழம்பமாட்டார், புலவர் மூவர் என்றால் மட்டும் குழம்புவாரா என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை.

ஒரே பெயரைப் பலர் தாங்குவது எந்தச் சமூகத்திலும் இயல்பு. தாத்தன் பெயரைப் பேரனுக்கு இடுகிற நம்மிடம் அது இன்னும் இயல்பு. அப்படிப் பெயர் ஒன்றானபோது ஆட்களைப் பிரித்துக் காட்டும் பொறுப்பை யார் ஏற்றார்கள், யார் கைவிட்டார்கள் என்பதுதான் என் கவலை. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் இந்தப் பொறுப்பை எவ்வளவு கருத்தோடு சுமந்தார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். நாம் அதை எங்கே இறக்கி வைத்தோம் என்பதும் அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும்.

துஞ்சிய இடத்தால் ஓர் அடையாளம்

பாடியவர் யார், பாடப்பட்டவர் யார் என்று புறநானூற்றுப் பாடல்களின் கீழே சொல்லும் கொளுக்களைப் பாடலுக்கு வெளியே உள்ள குறிப்பு என்று கருதிக் கடந்துவிடுவது நம் வழக்கம். ஆனால் பெயர்ச்சிக்கலைத் தீர்க்கும் முயற்சி முழுவதும் அங்கேதான் நடந்திருக்கிறது. கிள்ளிவளவன் என்ற பெயரில் சோழர் இருவர். ஒருவன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன். மற்றவன் குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன். நன்மாறன் என்ற பாண்டியரும் இருவர். ஒருவன் இலவந்திகைப்பள்ளியில் துஞ்சியவன். மற்றவன் சித்திரமாடத்தில் துஞ்சியவன். இருவரையும் பிரித்தறிய வேறு எந்தக் குறியும் போதாது என்று தோன்றியபோது, அவர்கள் இறந்த இடத்தையே அடைமொழியாக்கியிருக்கிறார்கள். ஒரு மனிதனின் வாழ்வில் இன்னொருவனோடு பகிர்ந்துகொள்ள முடியாத செய்தி அதுதான் என்று அந்தத் தொகுப்பாசிரியர் கருதியிருக்க வேண்டும். நெடுஞ்செழியர் இருவரை அவர்கள் வென்ற போரால் பிரித்தார்கள்: ஆரியப்படை கடந்தவன் ஒருவன், தலையாலங்கானத்துச் செருவென்றவன் ஒருவன். இருவரும் புறநானூற்றில் பாடியும் இருக்கிறார்கள். கல்வியின் சிறப்பைச் சொல்லும் 'உற்றுழி உதவியும்' (183) முன்னவன் பாட்டு; இளையன் என்று தன்னை எள்ளிய பகைவரைப் பார்த்துச் சினந்து வஞ்சினம் கூறும் 'நகுதக் கனரே' (72) பின்னவன் பாட்டு. இரண்டையும் ஒருவன் தலையில் ஏற்றியிருந்தால் அமைதியாகக் கல்வி பேசிய அரசனையும் கொதித்தெழுந்த இளைஞனையும் சேர்த்தே இழந்திருப்போம்.

அரசர்க்கு இது நடப்பது எதிர்பார்க்கக்கூடியது. புலவர்க்கும் அதே அக்கறை கிடைத்திருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சாத்தன், கண்ணன், நாகன், கீரன் ஆகியவை அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு கேட்டிருக்கக்கூடிய பெயர்கள். எகிப்தில் செங்கடற்கரையில் உள்ள குசெய்ர் அல்-கதீம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்த ஆட்பெயர்கள் இரண்டு: ஒன்று கண்ணன், மற்றது சாத்தன். கடல் கடந்து போன இடத்திலும் அந்த இரண்டு பெயர்களே எழுதப்பட்டிருக்கின்றன. தொகைநூல்களிலும் சாத்தனார்கள் நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் ஒருவருக்குள் ஒருவர் கரைந்துவிடவில்லை. கூலம் என்னும் தானியம் விற்றவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். ஊரையும் தந்தை பெயரையும் சேர்த்துப் பெற்றவர் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். இவர்களோடு பெருந்தலைச் சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் ஆகியோரும் இருக்கிறார்கள். ஒக்கூரில் மாசாத்தனார் ஒருவர் இருந்தார்; மாசாத்தியார் என்ற பெண்பாற் புலவரும் இருந்தார். ஒரே ஊர், ஏறத்தாழ ஒரே பெயர். ஆயினும் புறநானூற்றில் இவர்கள் பாடிய இரண்டு பாடல்களுக்கும் இரண்டு உரிமையாளர்கள். 'கெடுக சிந்தை கடிதிவள் துணிவே' என்று தொடங்கும் பாட்டு மாசாத்தியாருடையது என்று இன்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால், ஒரு விகுதியைக்கூட விட்டுவிடாத அந்தக் கவனத்தால்தான்.

கபிலர் விஷயத்தில் இந்தக் கவனம் இன்னும் நுட்பமாகத் தெரிகிறது. பாரியின் நண்பரான கபிலர் புகழின் உச்சியில் இருந்தவர். அதே பெயரில் இன்னொரு புலவர் பாடிய சில பாடல்களும் தொகுப்பாசிரியர் கைக்கு வந்தன. அவற்றைப் புகழ்பெற்றவர் கணக்கில் சேர்ப்பது எளிது. அப்படிச் சேர்த்தால் அந்தப் பாடல்களுக்கும் பெருமை கூடியிருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தொல்கபிலர் என்று ஒற்றைச் சொல் முன்னொட்டு கொடுத்து அவரைத் தனியே நிறுத்திவிட்டார்கள்.

பெயரே கிடைக்காதவர்களையும் இவர்கள் கைவிடவில்லை. குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பாடியவர் யாரென்று தெரியவில்லை. செம்மண் நிலத்தில் பெய்த நீரைப் போல அன்புடை நெஞ்சம் கலந்ததாக அவர் சொன்ன சொல்லையே எடுத்துச் செம்புலப்பெயல்நீரார் என்று பெயரிட்டார்கள். 41ஆம் பாட்டின் புலவர் அணிலாடு முன்றிலார். நற்றிணையில் இரண்டு யானைகள் இரு புறமும் பற்றி இழுத்த தேய்ந்த பழங்கயிற்றைப் பாடியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். தாய் தந்தை இட்ட பெயர் தொலைந்த பிறகும் இவர்கள் மனிதர்களாக நிற்கிறார்கள். ஔவையார் என்ற பெயருடையவர்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. பெயர் நிலைத்தது, ஆட்கள் தொலைந்தார்கள்.

அடைமொழியும் தோற்கும் இடம்

பிற்காலத்தில் இந்த ஒழுங்கு மெல்லத் தளர்கிறது. அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லாத ஓர் இடம் உண்டு. தொகைநூல்களுக்குக் கடவுள் வாழ்த்துப் பாடிய பெருந்தேவனாரை, அதே பெயர் உடைய பிறரிடமிருந்து பிரிப்பதற்காகப் 'பாரதம் பாடிய பெருந்தேவனார்' என்று குறித்தார்கள். பின்னர் 9ஆம் நூற்றாண்டில், தெள்ளாறெறிந்த நந்திவர்மன் காலத்தில், பாரத வெண்பா பாடிய இன்னொரு பெருந்தேவனார் தோன்றினார். பிரித்துக் காட்டுவதற்கென்றே தேர்ந்தெடுத்த அடைமொழி இரண்டாமவருக்கும் அப்படியே பொருந்திவிட்டது. வீரசோழியம் என்ற இலக்கண நூலுக்கு உரை எழுதியவரும் ஒரு பெருந்தேவனாரே.

சைவத் திருமுறைகளைத் தொகுத்தபோது நடந்தது வேறு. பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார், கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார் என்று மூவர் இருக்கிறார்கள். அந்தாதியும் இரட்டை மணிமாலையும் பாடிய இவர்களின் மொழியும் யாப்பும் சமயச் சூழலும் சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. ஆனால் பத்துப்பாட்டில் உள்ள திருமுருகாற்றுப்படையும் நக்கீரதேவ நாயனார் பெயரில் அதே திருமுறையில் இடம்பெற்றதால், நெடுநல்வாடை பாடியவரும் 'கயிலைபாதி காளத்திபாதி' பாடியவரும் பக்தர் மனத்தில் ஒருவராகிவிட்டார்கள். பட்டினத்தார் நிலையும் இதுதான். கோயில் நான்மணிமாலையின் செறிந்த நடையில் பாடியவரும், தாயின் சிதைக்கு முன்னின்று 'ஐயிரண்டு திங்களாய்' என்று எளிய வெண்பாவில் அழுதவரும் ஒரே பெயரில், ஒரே வாழ்க்கைக் கதைக்குள் வைக்கப்பட்டிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன். ஆய்வாளர்களின் பழைய விவாதம் என்ற அளவில்தான் மனத்தில் வைத்திருந்தேன். பெயரடைவு வேலைக்காகப் புறநானூற்றில் ஔவையார் பாடல்களை வரிசையாக மறுபடி படித்தபோதுதான் அது ஆய்வு விவாதம் என்ற எல்லையைக் கடந்து என்னைத் தொட்டது.

உண்கண் வாணுதல் விறலி

சங்க ஔவையார் பாடியதாக 59 பாடல்கள் கிடைக்கின்றன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. அவற்றுள் புறநானூற்றின் 89ஆம் பாட்டில் ஒரு பகைவேந்தன் கேட்ட கேள்விக்கு அவர் விடை சொல்கிறார். உங்கள் நாட்டில் போர் செய்பவரும் உளரோ என்பது கேள்வி. கேட்கும்போது அந்த வேந்தன் எதிரில் நிற்பவரை எப்படி விளித்தான் என்பதையும் பாட்டே சொல்லிவிடுகிறது: 'மடவரல் உண்கண் வாணுதல் விறலி.' மையுண்ட கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியும் உடைய இளம் விறலியே, அதாவது ஆடிப் பாடும் பெண்ணே, என்று அழைத்திருக்கிறான். விடை சொல்பவர் அந்த விறலி. பாட்டின் கீழே ஔவையார் பெயர். அந்த இரண்டு வரிகளையும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கோலூன்றிய கை, வெண்ணீறு துலங்கும் நெற்றி, நரைத்த தலை என்று பாடநூல் படங்களிலிருந்து மெரினா கடற்கரைச் சிலை வரை நாம் பார்த்துப் பழகிய மூதாட்டிக்கு இந்த வரிகளில் இடமே இல்லை. யாழும் முழவும் கூட்டமுமாகச் சுற்றிவந்த பாணர் குழுவைச் சேர்ந்த, மை தீட்டிய, வாள்போல் கூரிய பேச்சுடைய ஒரு பெண் அங்கே நிற்கிறாள்.

அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்ட கண்ணோடு மற்றப் பாடல்களைப் படித்தால் ஒவ்வொன்றும் வேறு வெளிச்சத்தில் வருகிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன இடத்தில், அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது, உன் வேல்கள் பீலி அணிந்து மாலை சூடி நெய் பூசி அழகாகக் காவலில் இருக்கின்றன, எங்கள் கோமானின் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் (95). புகழ்வது போலத் தொடங்கி எச்சரித்து முடிக்கும் அந்தத் துணிவில் வயது முதிர்ச்சி தரும் சலுகை எதையும் அவர் கேட்கவில்லை. இன்னொரு பாட்டில் அதியமானின் ஆற்றலைப் பகைவருக்குச் சொல்ல, நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைத் தேர்க்கால் போன்றவன் என்கிறார் (87). அவன் தனக்கு அருளியதைச் சொல்லும்போது, யாழோடு ஒவ்வாத, பொழுதோடு பொருந்தாத, பொருளும் தெரியாத மழலையாயினும் தந்தையர்க்கு இனிக்கும், என் சொல்லும் உனக்கு அப்படித்தான் என்கிறார் (92). தந்தையின் முன் நிற்கும் குழந்தையின் இடத்தில் தன்னை வைத்துக்கொள்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவன் இறந்தபோது பாடிய 235ஆம் பாட்டை என்னால் ஒரு போதும் வேகமாகப் படிக்க முடிந்ததில்லை. சிறிதளவு கள் கிடைத்தால் எமக்கே தருவான்; அது போயிற்று. பெரிதளவு கிடைத்தால் யாம் பாடக் கேட்டுத் தானும் மகிழ்ந்து உண்பான், அதுவும் போயிற்று. பிறகு இந்த வரி: 'நரந்தம் நாறும் தன் கையால் புலவு நாறும் என்தலை தைவரும் மன்னே.' நறுமணம் கமழும் தன் கையால் புலால் நாறும் என் தலையை வருடுவான் என்கிறார். ஓர் அரசனின் கையிலிருந்த மணத்தையும் தன் கூந்தலிலிருந்த வாடையையும் ஒரே வரியில் வைத்து, இருவருக்கும் இடையே இருந்த தொலைவையும் அதை அவன் கடந்து வந்த விதத்தையும் சொல்லிவிட்டார். தமிழில் எழுதப்பட்ட கையறுநிலைப் பாடல்களில் இதற்கு இணையாக நான் வைக்கக்கூடியவை மிகச் சில.

இப்போது இதே பெயரில் உள்ள நீதிநூல்களுக்கு வருவோம். கொன்றை வேந்தனில் ஒரு வரி, 'நோன்பென்பது கொன்று தின்னாமை.' ஆத்திசூடியில் 'போர்த்தொழில் புரியேல்', 'முனைமுகத்து நில்லேல்', 'தையல்சொல் கேளேல்', 'மைவிழியார் மனையகல்' என்று வரிகள் வருகின்றன. புலால் நாறும் தலையோடு கள்ளுண்டு பாடிய ஒருத்தி, போர்முனையிலிருந்து வந்த வேல்களைப் பெருமையாகப் பேசி அரசனுக்காகத் தூது போன ஒருத்தி, மையுண்ட கண்ணினள் என்றே விளிக்கப்பட்ட ஒருத்தி, இந்த ஐந்து வரிகளையும் எழுதினாள் என்று நம்பச் சொல்கிறோம். முதலாமவரை 'மைவிழியார்' என்று சொல்லித் தள்ளி வைக்கும் ஒரு வாக்கியத்தின் கீழேயே அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறோம் என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

குரல் வேறுபடுவதாலேயே ஆள் வேறு என்று முடிவு கட்டக்கூடாது என்ற மறுப்பு நியாயமானது. ஒருவரே இளமையில் ஒன்றும் முதுமையில் வேறொன்றும் பாடலாம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டும் பாரி இறந்த பிறகு அவர் பாடிய கையறுநிலையும் குரலால் ஒத்தவை அல்ல. ஆனால் பாடியவர் ஒருவர்தான். பாட்டுக்குப் பாட்டு புதிய ஆளைக் கற்பித்துக்கொண்டே போகும் ஆய்வும் எனக்கு உடன்பாடு இல்லை. அதனால்தான் நல்வழியின் 40ஆம் வெண்பா இந்த வழக்கில் முதன்மையான சான்றாகிறது. 'தேவர் குறளும் திருநான் மறைமுடிவும் மூவர் தமிழும் முனிமொழியும் கோவை திருவா சகமும் திருமூலர் சொல்லும் ஒருவா சகமென் றுணர்' என்று அது சொல்கிறது. திருக்குறளும் தேவாரமும் திருக்கோவையாரும் திருவாசகமும் திருமந்திரமும் தோன்றி, ஒரே தகுதியுடைய நூல்களாகப் போற்றப்பட்ட பிறகுதான் இந்த வெண்பாவை ஒருவர் எழுத முடியும். மறுபுறம், சங்க ஔவையாரின் காலத்துக்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 'அதியன் நெடுமான் அஞ்சி' சமணப்பள்ளி ஒன்றைக் கொடையாக அளித்ததைச் சொல்கிறது. கோவலூரை அதியமான் வென்றதையும் அதைப் பரணர் பாடியதையும் ஔவையார் தம் 99ஆம் புறப்பாட்டில் குறிப்பிடுகிறார். இரண்டு ஔவையாருக்கும் இடையே பல நூறு ஆண்டுகள் கிடக்கின்றன. விநாயகர் அகவலின் மூலாதாரமும் குண்டலியும் அசபையும் பேசும் யோகநெறி இந்த இருவரில் எவருடைய உலகமும் அல்ல.

எப்படி ஒன்றானார்கள்

இவர்களை ஒன்றாக்கியதில் சங்க ஔவையாரின் பாட்டு ஒன்றுக்கே பங்குண்டு என்று நினைக்கிறேன். அரிய மலைப்பிளவில் கிடைத்த நெல்லிக்கனியை, அதன் பயனை மனத்துக்குள் அடக்கிக்கொண்டு, 'சாதல் நீங்க எமக்கீத் தனையே' என்று அவர் நன்றியோடு பாடினார் (91). அரசன் தன் ஆயுளைப் புலவருக்கு விட்டுக்கொடுத்த அந்த நிகழ்ச்சி, பின்னால் வந்தவர்கள் கையில் ஒரு வசதியாக மாறியது. நெல்லிக்கனி உண்டவர் என்பதால் எத்தனை நூற்றாண்டும் வாழலாம். சுந்தரர் கயிலைக்குப் புறப்பட்ட காலத்திலும் இருக்கலாம். கம்பர் காலத்திலும் இருக்கலாம். கன்னிப் பருவத்திலேயே விநாயகரை வேண்டி முதுமை பெற்றார் என்ற கதை இளமையையும் ஒரே வீச்சில் தீர்த்துவைத்தது. அந்தக் கதைக்குள்ளும் ஓர் இளம்பெண் இருந்தாள் என்ற நினைவு எஞ்சியிருப்பது குறிப்பிடத்தக்கது. அவளை மூதாட்டியாக்கிய பிறகே கதை மேலே நகர்கிறது.

நூல்கள் அச்சேறிய வரிசையும் இதற்குத் துணை செய்தது. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் திண்ணைப் பள்ளிகளில் எழுத்தறிவோடு சேர்ந்தே ஊட்டப்பட்டவை. அச்சு வந்த பிறகு இன்னும் பரவியவை. சங்கப் பாடல்களோ அந்தக் காலம் முழுவதும் ஏட்டுச் சுவடிகளுக்குள் கிடந்தன. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் பதிப்பித்தார். குறுந்தொகையும் நற்றிணையும் அச்சேறியது 1915இல். அதியமானின் தோழி வெளிச்சத்துக்கு வந்த நேரத்தில் ஔவையார் என்ற பெயருக்குரிய உருவமும் வயதும் குணமும் மக்கள் மனத்தில் ஏற்கெனவே முடிவாகிவிட்டன. அந்த உருவத்துக்கு ஏற்றபடி இவருடைய வாழ்க்கையைத் திருத்திக்கொண்டோம். 1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட பதிப்பில் வையாபுரிப் பிள்ளை சங்கப் பாடல்கள் அனைத்தையும் புலவர் வாரியாக அடுக்கிக் கொடுத்தார். அந்த வரிசையில் சங்க ஔவையாரின் 59 பாடல்களையும் ஒரே இடத்தில் வைத்துப் படிக்க முடிந்தது. ஆய்வுலகத்தில் நடந்த அந்த நல்ல காரியம் பாடநூல் படங்கள் வரை வந்து சேரவில்லை.

இழப்பு முதலாமவருக்கு மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 109 வரிகளில் ஆத்திசூடியையும் 91 வரிகளில் கொன்றை வேந்தனையும் அகரவரிசையில் அமைத்தது எளிய வேலை அல்ல. எழுத்தைக் கற்கும் குழந்தைக்கு எழுத்தோடு ஒரு சொல்லையும் சொல்லோடு ஒரு நடத்தையையும் சேர்த்துக் கொடுக்கும் அந்த வடிவத்தைச் சிந்தித்து உருவாக்கிய ஓர் ஆசிரியர் அங்கே இருக்கிறார். 'சாதி இரண்டொழிய வேறில்லை' என்று நல்வழியில் சொன்ன துணிவும் அந்த நீதிநூல் மரபில்தான் இருக்கிறது. 'தையல்சொல் கேளேல்' என்ற ஒடுக்கமும் அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் அவருடைய காலத்தின் முன் வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். எல்லாக் காலத்துக்கும் பொதுவான ஒரு பாட்டி என்று ஆக்கிவிட்டால் அவரிடம் கேள்வி கேட்க முடியாது; கேள்வி கேட்க முடியாதவரை உண்மையில் படிக்கவும் முடியாது.

பாரதியார் ஒருவர்தான் அவரை ஆசிரியராக மதித்து எதிரில் உட்கார்ந்து உரையாடினார் என்று எனக்குத் தோன்றுகிறது. சாதி இரண்டொழிய வேறில்லை என்று 'தமிழ்மகள் சொல்லியசொல் அமிழ்தமென்போம்' என்று ஏற்றுக்கொண்டார். மற்ற வரிகளைப் புதிய ஆத்திசூடியில் நேருக்கு நேர் மறுத்தார். 'தையலை உயர்வு செய்' என்றார். 'போர்த்தொழில் பழகு' என்றார். 'முனையிலே முகத்து நில்' என்றார். அப்படி மறுத்துச் சென்று அவர் சேர்ந்த இடம், நுனி சிதைந்த வேலைப் பெருமையோடு பாடிய முதல் ஔவையாரின் இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

வழிபாடும் வரலாறும்

குமரி மாவட்டத்தில் ஔவையாரம்மனுக்குக் கோயில் இருக்கிறது. ஆடிச் செவ்வாய்க் கிழமைகளில் பெண்கள் கூடிக் கொழுக்கட்டை அவித்துப் படைக்கிறார்கள். வீடுகளில் ஆண் குழந்தைகளைக்கூடச் சேர்க்காமல் பெண்கள் மட்டும் நோற்கும் ஔவை நோன்பும் தென்மாவட்டங்களில் உண்டு. பிரித்துச் சொல்வது இந்த நம்பிக்கையைப் புண்படுத்தாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். படையல் இடுகிற அந்தப் பெண்கள் ஒரு தெய்வத்தை வணங்குகிறார்கள். 235ஆம் புறப்பாட்டுக்கும் நல்வழிக்கும் ஆசிரியர் ஒருவரே என்று அவர்கள் எங்கும் வாதாடவில்லை. தெய்வம் ஒன்றாக இருப்பதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. பல பெண்களின் அறிவும் துணிவும் ஒரு பெயரில் திரண்டு தெய்வமாக நிற்பதில் அழகும் உண்டு. பாடநூலும் இலக்கிய வரலாறும் பெயரடைவும் செய்ய வேண்டிய வேலை வேறு.

பெண்பாற் புலவர்கள் விஷயத்தில் இந்த வேலை இன்னும் அவசரமானது என்று கருதுகிறேன். சங்கத் தொகையில் பெயர் கிடைக்கும் புலவர்கள் 473 பேர் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களுள் பெண்கள் சிறு பகுதியினரே. பக்தி இலக்கியத்தில் காரைக்கால் அம்மையாரையும் ஆண்டாளையும் தாண்டிப் பெயர்கள் நீள்வதில்லை. இந்த நிலையில் மூன்று அல்லது நான்கு பெண்களை ஒருவராக எண்ணிவிட்டால், ஏற்கெனவே குறுகிய அந்தப் பட்டியலை நாமே மேலும் குறுக்குகிறோம். தமிழில் பெண்கள் எழுதிய மரபு சங்க காலத்தோடு அறுந்து பக்திக் காலத்தில் மட்டும் தலைகாட்டியது என்ற தோற்றம் ஏற்பட இதுவும் ஒரு காரணம். ஆத்திசூடி ஆசிரியரைச் சோழர் காலத்தில் நிறுத்தினால் அந்த நூற்றாண்டுகளில் கல்வியைத் தன் பொறுப்பாக ஏற்ற ஒரு பெண் தெரிவார். அகவல் பாடியவரைத் தனியே நிறுத்தினால் யோகநெறியில் தன் அனுபவத்தைத் தமிழில் எழுதிய இன்னொரு பெண் தெரிவார்.

செய்ய வேண்டியது சிக்கலானதும் அல்ல. வழி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அதியமானைப் பாடிய ஔவையார், ஆத்திசூடி பாடிய ஔவையார், அகவல் பாடிய ஔவையார் என்று எழுதினால் போதும். முதலாம், இரண்டாம் என்ற எண்களைவிட இது மேலானது. எண் வரிசையைத் தருமே தவிர ஆளைத் தராது. பள்ளிப் பாடநூலில் ஆத்திசூடிக்கு மேலும் புறநானூற்றுப் பாட்டுக்கு மேலும் இப்படி இரண்டு வெவ்வேறு பெயர்களும், இரண்டு வெவ்வேறு முகங்களும் இருக்க வேண்டும். புறநானூற்றுப் பாட்டுக்கு வரையப்படும் படத்தில் கையில் கோல் வேண்டாம். 89ஆம் பாட்டில் அந்த வேந்தன் பார்த்ததை ஓவியர் வரையட்டும்.

இந்த வேண்டுகோளுக்குச் சங்க ஔவையாரின் அகப்பாட்டு ஒன்றே எனக்குப் பலம் தருகிறது. அகநானூற்றின் 147ஆம் பாட்டில், பிரிந்து போன தலைவனைத் தேடிச் செல்லத் துணியும் பெண்ணின் குரலில் பேசும்போது, தன் காதலனைத் தேடி அலைந்த வெள்ளிவீதியார் என்ற பெண்பாற் புலவரை நினைக்கிறார். எவரோ ஒருத்தி என்று பொதுவாகச் சொல்லவில்லை. 'வெள்ளி வீதியைப் போல நன்றும் செலவயர்ந் திசினால் யானே' என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்.